பிபிபி கடனும் 1099 ஆட்களும்: அந்தப் பணத்தில் கான்ட்ராக்டருக்கு ஏன் கொடுக்க முடியவில்லை?

"கொரோனா கடன் வாங்கியிருக்கிறேன், அதை வைத்து என்னிடம் வேலை செய்கிற கான்ட்ராக்டர்களுக்குக் காசு கொடுக்கலாமா?" 2020 வசந்த காலத்தில் அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தியவர்களில் பலர் தங்கள் கணக்காளரிடமும் வங்கியிடமும் கேட்ட கேள்வி இது. பிபிபி என்று எல்லோரும் சொன்ன சம்பளப் பாதுகாப்புக் கடன் என்றால் பதில் 'கூடாது', கொடுத்தால் அந்தத் தொகை தள்ளுபடி ஆகாது. ஈஐடிஎல் என்கிற பேரிடர்க் கடன் என்றால் 'கொடுக்கலாம்', ஆனால் அது கடைசி டாலர் வரை திருப்பிக் கட்ட வேண்டிய கடன். அப்போது இந்த இரண்டு வரியைத் தெரிந்துகொண்டிருந்தால் விண்ணப்பத்தை நிரப்பியிருக்கலாம். ஆனால் ஏன் அப்படி வைத்தார்கள், அதனால் யார் கையில் என்ன கிடைத்தது என்பது யாரும் சரியாகப் பேசாத விஷயம், அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு வருடக் கடைசியில் டபிள்யூ-2 படிவம் வரும். வரியை முதலாளியே பிடித்துக் கட்டிவிடுவார், வேலையிழப்புக் காப்பீட்டுக்கும் அவரே பணம் செலுத்துவார். தனி ஆளாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவருக்கு வருவது 1099 படிவம். அதில் வரிப் பிடித்தம் கிடையாது, காப்பீடு கிடையாது, எல்லாம் அவர் பாடு. சலூனில் நாற்காலியை வாடகைக்கு எடுத்து முடி வெட்டுகிறவர், சொந்த லாரி வைத்து ஒரே கம்பெனிக்கு லோடு அடிக்கிறவர், உபர் ஓட்டுகிறவர், வீட்டிலிருந்து டிசைன் செய்து கொடுக்கிறவர், நடனப் பள்ளியில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிறவர் என்று இவர்களில் பல வகை. பல சிறு நிறுவனங்களில் டபிள்யூ-2 ஆட்கள் இரண்டு பேர், 1099 ஆட்கள் ஆறு பேர் என்றுதான் இருக்கும். வேலையைத் தூக்கிச் சுமப்பது அந்த ஆறு பேர்தான்.

2020 மார்ச் 27 அன்று கொரோனா நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. அதில் 34,900 கோடி டாலர் பிபிபிக்கு ஒதுக்கப்பட்டது. கணக்கு எளிமையானது: உங்கள் சராசரி மாதச் சம்பளச் செலவை இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் கடன், அதிகபட்சம் ஒரு கோடி டாலர். ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் உள்ள சம்பளம் கணக்கில் சேராது. வட்டி 1 சதவீதம். சொன்னபடி செலவழித்து, ஆட்களையும் அவர்கள் சம்பளத்தையும் குறைக்காமல் வைத்திருந்தால் மொத்தக் கடனும் தள்ளுபடி. முதலில் 75 சதவீதம் சம்பளத்துக்கே போக வேண்டும் என்று வைத்தார்கள், ஜூன் 5 அன்று வந்த திருத்தச் சட்டம் அதை 60 சதவீதமாகக் குறைத்து, செலவழிக்கும் காலத்தையும் 8 வாரத்திலிருந்து 24 வாரமாக நீட்டியது. மீதிப் பணத்தை வாடகை, அடமானக் கடன் வட்டி, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம்.

இதில் 'சம்பளச் செலவு' என்றால் என்ன என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது. சட்டம் அதற்குக் கொடுத்த விளக்கத்தில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் ஊதியம், காப்பீடு, விடுப்புப் பணம் எல்லாம் வருகிறது. அதோடு, சுயதொழில் செய்பவர் அல்லது ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்படும் தொகை அல்லது அவருடைய வருமானம் என்றும் ஒரு பகுதி இருக்கிறது. இதைப் படித்த பலர் 'அப்படியானால் நான் என் கான்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கும் பணமும் என் சம்பளச் செலவுதான்' என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் படிப்பதற்கு அந்த வாசகத்தில் இடம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு வாசிப்பு, அந்தப் பகுதி ஒப்பந்தக்காரர் தானே விண்ணப்பிக்கும்போது அவருடைய வருமானத்தைக் கணக்கிடுவதற்காக மட்டும் வைக்கப்பட்டது என்பது. அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம், அதாவது எஸ்பிஏ, ஏப்ரல் 2 அன்று வெளியிட்ட இடைக்கால விதியில் இரண்டாவது வாசிப்பையே எடுத்துக்கொண்டது. ஒப்பந்தக்காரர்கள் தாங்களே தனியாகக் கடன் கேட்கலாம், ஆகவே அவர்களுக்குக் கொடுக்கும் பணம் உங்கள் கடன் கணக்கிலும் வராது, தள்ளுபடிக் கணக்கிலும் வராது என்றது. மறுநாள், ஏப்ரல் 3, விண்ணப்பங்கள் தொடங்கிவிட்டன. முந்தைய வாரம் முழுக்க 1099 தொகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தவர்கள் கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியதாயிற்று. விதியைப் பார்க்காமலே பழைய கணக்கோடு விண்ணப்பித்தவர்களும் உண்டு, அவர்கள் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

தொகையில் இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோவில் இரண்டு ஊழியர்கள், ஆளுக்கு மாதம் 4,000 டாலர். ஆறு கான்ட்ராக்டர்கள், ஆளுக்கு மாதம் 3,000 டாலர். கான்ட்ராக்டர்களையும் சேர்த்தால் மாதச் செலவு 26,000, கடன் 65,000 டாலர். விதிப்படி ஊழியர்கள் மட்டும் என்றால் மாதம் 8,000, கடன் 20,000 டாலர். எட்டுப் பேர் சேர்ந்து நடத்துகிற தொழிலுக்கு இரண்டு பேருக்கான உதவி.

சரி, எஸ்பிஏ சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஸ்டுடியோவும் அந்த ஆறு பேரின் வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்கி, ஆறு பேரும் அதே வருமானத்தைக் காட்டித் தனித்தனியாகக் கடன் வாங்கினால், ஒரே டாலருக்கு அரசு இரண்டு முறை உதவி செய்ததாகும். அதைத் தடுக்க ஏதாவது ஒரு பக்கம் கதவை மூடியே ஆக வேண்டும். நிறுவனத்தின் பக்கம் மூடிவிட்டு, கான்ட்ராக்டரின் கையிலேயே நேராகக் கொடுப்பது என்ற முடிவு கொள்கை அளவில் நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருவரே நாலு கம்பெனிக்கு வேலை செய்கிறவராக இருக்கலாம், அவருக்கு யார் தயவும் இல்லாமல் தன் பெயரில் பணம் வருவது நல்லதுதானே. என் கோபம் அந்த முடிவின் மேல் இல்லை. 'உங்களுக்குத் தனிக் கதவு இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அந்தக் கதவை எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள் என்பதன் மேல்தான்.

நாட்காட்டியைப் பாருங்கள். நிறுவனங்களும் தனிநபர் உரிமைத் தொழில்களும் ஏப்ரல் 3 முதல் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தக்காரர்களும் சுயதொழில் செய்பவர்களும் ஏப்ரல் 10 முதல்தான். அந்த ஒரு வாரம்கூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஊழியர் இல்லாத ஒருவர் தன் கடன் தொகையை எப்படிக் கணக்கிட வேண்டும், எந்தப் படிவத்தைக் காட்ட வேண்டும் என்ற விதி வெளிவந்தது ஏப்ரல் 14 அன்று. அது வரும்வரை பல வங்கிகள் அவர்களுடைய விண்ணப்பத்தைக் கையிலேயே வாங்கவில்லை. ஏப்ரல் 16 அன்று 34,900 கோடி டாலரும் தீர்ந்துவிட்டது. அதாவது கணக்கு போடத் தெரிந்த நாளிலிருந்து கஜானா காலியான நாள் வரை இரண்டே நாள். அதே முதல் சுற்றில்தான் நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருந்த உணவகச் சங்கிலிகளுக்குக் கோடி டாலர் கணக்கில் கடன் போய்ச் சேர்ந்தது. ஷேக் ஷாக் 1 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது, லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி 46 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. ஏப்ரல் 24 அன்று இன்னும் 31,000 கோடி டாலர் ஒதுக்கி, 27 அன்று கதவை மறுபடி திறந்தார்கள், அப்போதுதான் 1099 ஆட்களில் பலருக்கு வரிசையில் இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் வாடகை தேதி ஒன்று கடந்துபோயிருந்தது.

அடுத்தது, எவ்வளவு கிடைத்தது. ஊழியர் இல்லாத சுயதொழில்காரருக்கு எஸ்பிஏ எடுத்துக்கொண்ட அளவு, 2019 வரிக் கணக்கில், தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தின் 31-ஆம் வரியில் இருக்கும் நிகர லாபம். அதைப் 12-ஆல் வகுத்து இரண்டரையால் பெருக்க வேண்டும், உச்சவரம்பு 20,833 டாலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுயதொழில் செய்கிறவர் வரிக் கணக்கில் செலவுகளையெல்லாம் சட்டப்படி கழித்துத்தான் நிகர லாபத்தைக் காட்டுவார். ஒரு டாக்ஸி செயலி ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் அவர் வாங்கியது 40,000 டாலர், ஓட்டியது 40,000 மைல் என்று வைப்போம். அந்த வருடம் வரித்துறை அனுமதித்த கழிவு மைலுக்கு 58 சென்ட், ஆக 23,200 டாலர் கழிந்துவிடும். நிகர லாபம் 16,800. கடன் 3,500 டாலர். வேறு செலவுகளும் சேர்ந்து லாபம் பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழோ போயிருந்தால் கடன் கிடையாது. 2020 ஜனவரியில்தான் தொழிலைத் தொடங்கியவர் என்றால் காட்டுவதற்கு 2019 கணக்கே இருக்காது, அவருக்கும் வழியில்லை.

இதற்கிடையே அவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. வழக்கமான வேலையிழப்பு உதவி 1099 ஆட்களுக்குக் கிடையாது, ஆனால் கேர்ஸ் சட்டம் பியூஏ என்ற தற்காலிக உதவியை அவர்களுக்காகவே உண்டாக்கியது. ஜூலை கடைசி வரை அதோடு வாரம் 600 டாலர் கூடுதலாகச் சேர்ந்தது. அந்தக் கூடுதல் பணம் மட்டுமே நாலு வாரத்தில் 2,400 டாலர். 3,500 டாலர் பிபிபி வாங்கி, அதைத் தனக்குத் தானே வருமானமாகக் கொடுத்துக்கொண்டே பியூஏவும் வாங்க முடியாது. ஆகவே பல ஓட்டுநர்களுக்குப் பிபிபி விண்ணப்பமே லாபமில்லாத வேலையாக இருந்தது. அந்த நிலையில் கம்பெனிக்காரர் "நீங்களே போய்க் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், என்னால் கொடுக்க முடியாது என்று விதி சொல்கிறது" என்று சொன்னால், கேட்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்படிச் சொல்லி விலகிவிடாமல் தன் ஆட்களை எப்படியாவது காப்பாற்ற நினைத்த முதலாளிகள் என்ன செய்தார்கள்? இங்கேதான் விதிக்குள்ளேயே சில நேர்மையான வழிகள் இருந்தன.

பலர் கையில் எடுத்தது எளிமையான வழி: பிபிபி பணத்தை அப்படியே ஊழியர் சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஒதுக்கிவிட்டு, வழக்கமாக அவற்றுக்குப் போகும் விற்பனை வருமானத்தைக் கான்ட்ராக்டர்களுக்குக் கொடுப்பது. இதில் எந்தத் தவறும் இல்லை. கடன் பணம் எதற்குப் போனது என்றுதான் விதி கேட்கிறது, உங்கள் சொந்த வருமானத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. இதனால்தான் கடன் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்லிக் கணக்காளர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். ஆனால் இதற்கு வருமானம் என்று ஏதாவது வந்துகொண்டிருக்க வேண்டும். கடையே மூடிக் கிடக்கும்போது இந்த வழி பயன்படாது.

கான்ட்ராக்டரையே ஊழியராக மாற்றி, டபிள்யூ-2 சம்பளப் பட்டியலில் சேர்த்துவிடுவதும் ஒரு வழி. கடன் தொகை பழைய சம்பளக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும், அது அதிகமாகாது. ஆனால் தள்ளுபடிக் காலத்தில் கொடுக்கும் சம்பளம் புது ஊழியருக்குப் போனாலும் சம்பளச் செலவுதான், ஆகவே தள்ளுபடியில் சேரும். பழைய ஊழியர்கள் சிலர் விலகிப்போயிருந்த நிறுவனங்களுக்கு இது கைகொடுத்தது. செலவு இருக்கிறது: முதலாளி பங்காக 7.65 சதவீத சமூகப் பாதுகாப்பு மற்றும் மெடிகேர் வரி, மாநில வேலையிழப்பு வரி, விபத்துக் காப்பீடு. அந்த 7.65 சதவீதத்தைப் பிபிபி கணக்கில் காட்டவும் முடியாது. இருந்தாலும், வருடக்கணக்காக ஒருவரை முழுநேரம் வேலை வாங்கிக்கொண்டே 1099 கொடுத்து வந்த இடங்களில் இந்த மாற்றம் எப்போதோ நடந்திருக்க வேண்டியது. கலிபோர்னியாவில் ஏபி5 சட்டம் 2020 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்து, யாரைக் கான்ட்ராக்டர் என்று சொல்லலாம் என்பதை ஏற்கெனவே கடுமையாக்கியிருந்தது. அந்த மாநிலத்தில் 'இவர்கள் என் சம்பளச் செலவு' என்று கடன் விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, தொழிலாளர் துறையிடம் 'இவர்கள் என் ஊழியர்கள் இல்லை' என்று சொன்னால் இரண்டு காகிதமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் ஈஐடிஎல். எஸ்பிஏ நேரடியாகக் கொடுத்த கடன், 3.75 சதவீத வட்டி, 30 வருடத் தவணை. தொழிலின் அன்றாடச் செலவுகளுக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதால் கான்ட்ராக்டர்களுக்குக் கொடுப்பது இதில் தாராளமாக அடங்கும். தள்ளுபடி கிடையாது. முதல் தவணையை 30 மாதம் வரை தள்ளிவைத்தார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இதுவும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. ஏப்ரல் நடுவில் விண்ணப்பங்களை நிறுத்திவிட்டு, விவசாயத் தொழில்கள் தவிர மற்ற எல்லோருக்கும் ஜூன் 15 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். தொகையும் அப்போது 1,50,000 டாலருக்குள் அடக்கப்பட்டது. இதோடு வந்த இலவச முன்பணம் ஆளுக்கு 1,000 டாலர், அதிகபட்சம் 10,000. அதிலும் 'ஆள்' என்றால் ஊழியர்தான், 1099 ஆட்களை எண்ண முடியாது. எட்டுப் பேர் வேலை செய்யும் நம் கற்பனை ஸ்டுடியோவுக்கு இங்கேயும் இரண்டு ஊழியர் கணக்குதான்.

இப்போது, பழைய கணக்கோடே விண்ணப்பித்துப் பணம் வாங்கியவர்களுக்கு வருவோம். 1099 தொகையைச் சம்பளச் செலவில் சேர்த்ததால் கூடுதலாக வந்த கடன், தெரியாமல் செய்த தவறாக இருந்தாலும் தள்ளுபடி ஆகாது என்று எஸ்பிஏ தெளிவாகச் சொன்னது. 1 சதவீத வட்டியோடு தவணையில் கட்ட வேண்டும், 2020 ஜூன் 5-க்கு முன் கிடைத்த கடனுக்கு இரண்டு வருடம், பின்னால் கிடைத்ததற்கு ஐந்து வருடம். தெரிந்தே அனுமதிக்கப்படாத செலவுக்குப் பயன்படுத்தினால் மோசடி வழக்குவரை போகும். நம் ஸ்டுடியோக்காரர் 65,000 டாலர் வாங்கி, அந்தப் பணத்தில் ஆறு கான்ட்ராக்டர்களுக்கும் ஒழுங்காகக் கொடுத்தார் என்றால், ஒரு டாலரைக்கூடத் தன் பையில் போட்டுக்கொள்ளாத மனிதர் 45,000 டாலர் கடனாளியாக நிற்பார். நல்லது செய்யப்போய் மாட்டிக்கொள்வது என்பது இதுதான். சட்டத்தின் வாசகம் தங்கள் பக்கம் இருக்கிறது என்று சிலர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள்.

2021 மார்ச் மாதம் ஒரு பெரிய மாற்றம் வந்தது, இதைப் பலர் கவனிக்கவே இல்லை. ஷெட்யூல் சி காட்டுகிறவர்கள் நிகர லாபத்துக்குப் பதில் 7-ஆம் வரியில் உள்ள மொத்த வருமானத்தை வைத்தே கடன் கணக்கிடலாம் என்று பைடன் நிர்வாகம் விதியை மாற்றியது. நம் ஓட்டுநரின் 3,500 டாலர் இப்போது 8,333 டாலர். அதைவிட முக்கியமானது இது: அப்படி வாங்கிய பணம் 'உரிமையாளர் செலவுகள்' என்ற தலைப்பில் வரும், அதில் உரிமையாளரின் வருமானத்தோடு தொழிலின் செலவுகளும் அடக்கம். தனிநபர் உரிமையாளராகத் தொழில் நடத்தும் ஒருவர், 1,00,000 டாலர் மொத்த வருமானத்தில் 60,000 டாலரை உதவிக்கு வைத்த கான்ட்ராக்டர்களுக்குக் கொடுத்து, மற்ற செலவும் போக 20,000 டாலர் லாபம் காட்டினார் என்று வைப்போம். பழைய விதியில் அவருக்கு 4,167 டாலர், புது விதியில் 20,833 டாலர். முன்வாசலில் 'கான்ட்ராக்டருக்குக் கூடாது' என்று எழுதி வைத்திருந்த திட்டத்துக்குள் அந்தச் செலவு பின்வாசல் வழியாக வந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே ஒப்புதலான கடனுக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் முன்னால் அவசரப்பட்டு வாங்கியவருக்குப் பழைய தொகை, தாமதமாக வந்தவருக்குப் புதிய தொகை. கார்ப்பரேஷனாகவோ கூட்டாண்மையாகவோ பதிவு செய்திருந்தவர்களுக்கும் கிடையாது. ஒரே தெருவில் ஒரே மாதிரி நடக்கும் இரண்டு சலூன்களில், பதிவு செய்த விதம் வேறு என்பதற்காக உதவி பல மடங்கு மாறியது எனக்கு இன்னும் ஏற்க முடியாததாகவே இருக்கிறது.

நம்மவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம். அமெரிக்காவில் சிறிய மென்பொருள் நிறுவனம் வைத்துக்கொண்டு சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஆட்களை வைத்து வேலையை முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்கள் கான்ட்ராக்டர்கள் என்றால் ஏற்கெனவே சொன்ன விதியிலேயே அடிபட்டுப் போவார்கள். ஊழியர்களாகவே இருந்தாலும், அமெரிக்காவுக்கு வெளியே குடியிருப்பவரின் சம்பளம் பிபிபி கணக்கில் சேராது. தனியாகக் கடன் கேட்கவும் அவர்களுக்கு வழியில்லை. ஆகவே 'நீங்களே விண்ணப்பிக்கலாமே' என்ற சமாதானம்கூட இல்லாமல், ஆர்டர் நின்ற மாதமே வருமானம் நின்றது அவர்களுக்குத்தான். மாறாக, அங்கேயே ஹெச்-1பி விசாவில் வேலை செய்தவர்கள் டபிள்யூ-2 ஊழியர்கள் என்பதால் அவர்கள் சம்பளமும் மற்ற ஊழியர்களுடையதைப் போலவே திட்டத்துக்குள் வந்தது.

திட்டம் 2021 மே 31 அன்று முடிந்தது, மொத்தம் சுமார் 80,000 கோடி டாலர். எஸ்பிஏவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2023 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி பிபிபியில் 6,400 கோடி டாலரும் ஈஐடிஎல்லில் 13,600 கோடி டாலரும் மோசடியாகப் போயிருக்கலாம். ஊழியர் இல்லாத தனிநபர் தொழில் என்ற பிரிவில் இல்லாத தொழிலை இருப்பதாகக் காட்டி வாங்கியவர்களும் உண்டு. இதைக் காரணம் காட்டி, 1099 ஆட்களுக்கு உதவி கொடுத்ததே தப்பு என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அது தலைகீழ் வாதமாகப் படுகிறது. கம்பெனிகள் கொடுக்கும் 1099 படிவங்களின் நகல் எல்லாம் ஏற்கெனவே வரித்துறையிடம் இருக்கின்றன. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அரசாங்கத்தின் கையிலேயே இருந்த தகவல். அதை ஒப்பிட்டுப் பார்த்து, கம்பெனி வழியாகவோ நேராகவோ முதல் நாளிலிருந்தே கொடுத்திருந்தால் இரட்டைக் கணக்கும் வந்திருக்காது, பொய்க் கம்பெனிகளில் பலவும் அங்கேயே மாட்டியிருக்கும். அதைச் செய்யாமல் அவசரத்தில் ஊழியர்களை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய திட்டத்தில், சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பின்னால் ஒட்டவைத்தார்கள்.

அந்தக் கடன்களை வாங்கியவர்களுக்கு இது இன்னும் முடிந்துபோன கதை இல்லை. 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட சட்டங்கள் பிபிபி, ஈஐடிஎல் இரண்டிலும் மோசடி வழக்குத் தொடரும் காலத்தை 10 வருடமாக நீட்டிவிட்டன. பிபிபி ஆவணங்களைத் தள்ளுபடி ஆன நாளிலிருந்தோ கட்டி முடித்த நாளிலிருந்தோ ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது எஸ்பிஏ விதி, ஆனால் வழக்கு வரக்கூடிய காலம் அதைவிட நீளம். கான்ட்ராக்டர்களுக்குச் சொந்த வருமானத்திலிருந்துதான் கொடுத்தேன் என்று காட்ட வேண்டிய வங்கி அறிக்கைகள், 1099 படிவங்கள், யாரையாவது நடுவில் ஊழியராக மாற்றியிருந்தால் அந்தத் தேதியும் சம்பளச் சீட்டும், இவற்றை 2031 வரையாவது தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.